அம்மையப்பன் நாமஜெபம்

என் அப்பா கோமதிசங்கர் சிகரெட்டை விட்டது உடம்புக்காக இல்லை. காசுக்காக இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அம்மா கெஞ்சிக்கொண்டிருந்ததற்காகவும் இல்லை. ஒரு ஆளைப் பழிவாங்குவதற்காக விட்டார். அந்த ஆள் என் தாய்மாமா. இதை நான் வெளியே சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்காது, கூடப்பிறந்த தம்பியாயிற்றே. பிடிக்காவிட்டால் போகட்டும். நடந்தது என் கல்யாணத்தில். எனக்கில்லாத உரிமை வேறு யாருக்கு?

அப்பாவுக்கு ராதாபுரம் தாலுகா அலுவலகத்தில் வேலை. வீடு திருநெல்வேலி டவுனில். தினமும் காலையில் பஸ் ஏறி வள்ளியூரில் இறங்கி, அங்கே இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். அந்த இரண்டு பஸ்ஸுக்கும் நடுவில், வள்ளியூர் பஸ் நிலையத்துப் பெட்டிக்கடை ஓரத்தில்தான் அப்பா நிம்மதியாக வாழ்ந்தார் என்று நினைக்கிறேன். தாசில்தார் திட்டினால் ஒரு சிகரெட். தாசில்தார் லீவில் போனால் அந்தச் சந்தோஷத்துக்கு ஒன்று. சட்டை, துண்டு, பூஜை அறையில் இருக்கும் விபூதிக் கிண்ணம்வரைக்கும் அந்த வாடை ஏறியிருக்கும். கோமதிசங்கரா, தங்கமான மனுஷன், அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார் என்று தெருவில் பெயர். அந்தப் பொறுமை அவருடையது இல்லை, சிகரெட்டுடையது என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மாமா பெயர் அம்மையப்பன். ரத வீதியில் பாத்திரக்கடை. கடைத்தெருவே அவரை அண்ணாச்சி என்று கூப்பிடும், அவரும் அதை ஒரு பட்டம்போல வாங்கிக்கொள்வார். எந்த வீட்டு விசேஷமானாலும் ஜமுக்காளத்தில் நடுவே உட்காருவார். மூக்குப்பொடி போடுவார்; கேட்டால் அது புகையிலையில் சேராது, தலைவலிக்கு மருந்து என்பார். அவருக்கு இரண்டு பையன்கள், பெண் கிடையாது. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கும் புண்ணியம் தனக்கு வாய்க்கவில்லையே என்று ஒரு குறை அவருக்கு ரொம்ப நாளாக இருந்தது. அந்தக் குறையை என் தலையில் தீர்த்துக்கொள்ளலாம் என்று எப்போது முடிவு செய்தாரோ தெரியவில்லை.

தொண்ணூற்றெட்டு ஆவணியில் எனக்கு நிச்சயதாம்பூலம். மாப்பிள்ளை வீடு முக்கூடல். மாப்பிள்ளையின் அப்பா வேணுவனலிங்கம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நெற்றி நிறைய விபூதி, பேச்சில் ஒவ்வொரு எழுத்தும் பிசகாமல் வரும். எல்லாரும் உட்கார்ந்து, லக்னப் பத்திரிகை வாசித்தாயிற்று. இனித் தட்டு மாற்ற வேண்டியதுதான். பெண்ணின் அப்பாவும் பிள்ளையின் அப்பாவும் வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்து ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொண்டால் சம்பந்தம் உறுதி. ஐயர் அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா அங்கே இல்லை.

அப்பா தெருமுனைப் பெட்டிக்கடையில் இருந்தார். காலையிலிருந்து விருந்தாளிகளுக்கு நடுவே அடக்கிக்கொண்டிருந்தவருக்கு, பத்திரிகை வாசிக்கும் நேரத்தில் தாங்க முடியாமல் போயிருக்கிறது. ஒரே ஒரு இழுப்பு, உடனே வந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். ராகு காலம் பிறந்துவிடும் என்று ஐயர் பரபரத்தார். மாமா ஒன்றும் பரபரக்கவில்லை. பைய நகர்ந்து அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தார், தட்டை எடுத்தார், மாற்றிவிட்டார். குலவைச் சத்தம் கேட்டுத்தான் அப்பா ஓடி வந்தார். வாயில் ஏலக்காய், காலில் செருப்பு. அவர் மகளின் நிச்சயம் அவர் இல்லாமலே முடிந்திருந்தது.

“நேரம் தப்பிரும்னு நானே மாத்திட்டேன் அத்தான்,” என்றார் மாமா. “நீரு ஒண்ணும் வெசனப்படாதேயும். கல்யாணத்தன்னைக்கும் நானே தாரை வார்த்துக் குடுத்திருதேன். அக்கினிக்கு முன்னால அம்புட்டு நேரம் உக்கார ஒமக்கு ஏலாதுல்லா. அங்கன வாற புகை பத்தாதுன்னு வெளிய ஓடுவீரு.”

சபை சிரித்தது. வேணுவனலிங்கம்கூட மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார். அதுவரை அப்பாவை ‘நீங்க’ என்றுதான் மாமா கூப்பிடுவார், அக்காள் புருஷன் என்கிற மரியாதையில். அன்று எல்லாருக்கும் முன்னால் ‘நீரு’ ஆக்கினார். நான் உள்ளே பட்டுப்புடவையில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். எழுந்து போய் அந்தத் தட்டை அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. கல்யாணப்பெண் அப்படியெல்லாம் செய்யக் கூடாதாம். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் அப்பா சட்டைப்பையிலிருந்த பாக்கெட்டை எடுத்து அடுப்பில் போட்டார். “மணவறையில நான்தான் உக்காருவேன்,” என்று அம்மாவிடம் சொன்னார். “அவன் உக்காந்தான்னா அது எம்பொணத்து மேலதான்.”

புரட்டாசி முழுவதும் எங்கள் வீடு வீடாக இல்லை. சிகரெட் போனதும் அப்பாவின் பொறுமையும் கூடவே போய்விட்டது. பால்காரரிடம் சண்டை. பேப்பர் நனைந்திருந்ததற்குச் சண்டை. சாம்பாரில் உப்பு சரியாக இருந்ததற்கும் ஒரு சண்டை. இரவெல்லாம் தூங்காமல், பகலில் ஆபீஸ் பைலின் மேல் தலை சாய்ப்பார். விட்ட ஒரு வாரத்துக்குள் வள்ளியூர் பஸ் நிலையத்தில் மறுபடி பிடித்துவிட்டார். மறுபடி விட்டார். மறுபடி பிடித்தார். அம்மா உலகம்மாள், பொறுமைக்குப் பேர்போனவள், கடைசியில் அவளே சொன்னாள்: “பிடிச்சுத் தொலைங்க. இந்த மூஞ்சியப் பார்க்க முடியல.”

மாமாவுக்குச் செய்தி போகாமல் இருக்குமா? ஒருநாள் வீட்டுக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “விட்டாச்சுன்னாக. எத்தன தரம் விட்டீரு அத்தான்?” என்று கேட்டுவிட்டு ஒரு சிட்டிகைப் பொடியை மூக்கில் ஏற்றினார். “நான் ஐயர்கிட்ட சொல்லிட்டேன். தாரை வார்க்கது நான்தான்னு. கொஞ்சமும் யோசிக்காதேயும்.” அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எங்கே போனார் என்று எல்லாருக்கும் தெரியும். மாமாவுக்குத்தான் அதில் அதிகச் சந்தோஷம்.

வழி காட்டியது முகம்மது மைதீன். அப்பாவோடு அதே அலுவலகத்தில் வேலை பார்த்தவர், அப்பாவுக்கு நல்ல நண்பர். பாளையங்கோட்டையில் ஞானசிகாமணி என்று ஒரு டாக்டர் குடிப்பழக்கத்தை விடவைக்கிறார், சிகரெட்டுக்கும் ஏதாவது வைத்திருப்பார், போய்க் கேட்டுப் பாரும் என்றார். அப்பாவுடன் நானும் போனேன். வாசலில் ‘மனநல மருத்துவர்’ என்று பெரிதாகப் பலகை. அதைப் பார்த்ததும் அப்பா நின்றுவிட்டார். தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

டாக்டர் மெதுவாகப் பேசுகிறவர். “எதுக்காக விடணும்னு நினைக்கிய?” என்று கேட்டார்.

“ஒருத்தன் மூஞ்சில கரியப் பூசணும்,” என்றார் அப்பா.

டாக்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. “நல்ல காரணந்தான். உடம்புக்காகன்னு வாறவங்க பாதிப்பேரு நடுவுல ஓடிருதாங்க. உங்களுக்குக் காரணம் பெலமா இருக்கு,” என்றார். அப்பாவின் இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை. சிகரெட் ஆசையையும் தணிக்கிறது என்று வெளிநாட்டில் இப்போதுதான் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்களாம். வாய் உலரும், மலச்சிக்கல் வரும், கொஞ்சம் தூக்கம் கூடும். தன்னைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது என்றார். பிறகு அவர் சொன்னதுதான் எங்களுக்கு ஆச்சரியம்.

“இப்பவே விட வேண்டாம். மாத்திரை உடம்புல சேருத வரைக்கும் பிடிச்சுக்கிடுங்க. ரெண்டாவது வாரத்துல ஒரு நாளக் குறிச்சுக்கிட்டு, அன்னையோட நிறுத்தணும். நாள நீங்களே குறிங்க. உங்களுக்கு மறக்காத நாளா இருக்கட்டும்.”

நாள் குறி என்று ஒரு திருநெல்வேலிக்காரனிடம் சொன்னால் அவன் சும்மா குறிப்பானா? அப்பா வீட்டுக்கு வந்ததும் சுவரிலிருந்த தினசரிக் காலண்டரை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, வளர்பிறையாகப் பாருங்க, அஷ்டமி நவமி வேண்டாம், முகூர்த்த நாளாக இருந்தால் இன்னும் நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா எதையும் காதில் வாங்காமல் தாள்களைப் புரட்டினார். ஒரு தாளில் விரலை வைத்தார். அன்று முகூர்த்தம் இல்லை, நல்ல திதியும் இல்லை. கீழே பொடி எழுத்தில் ‘சந்திராஷ்டமம்: அனுஷம்’ என்று இருந்தது. அனுஷம் மாமாவின் நட்சத்திரம். சந்திராஷ்டமத்தன்று அந்த நட்சத்திரக்காரனுக்கு எடுத்த காரியம் கூடாது, பேசின பேச்சு எடுபடாது என்று கணக்கு.

“அவனுக்கு ஆகாத நாளு எனக்கு நல்ல நாளு,” என்றார் அப்பா.

அம்மாவுக்கு முகம் சுருங்கியது. “எந்தம்பி நல்லா இருக்கட்டும்,” என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனாள். ஆனால் அன்றிலிருந்தே சமையலில் கத்தரிக்காயையும் புளியையும் தள்ளி வைத்தாள். டாக்டர் பத்தியம் எதுவும் சொல்லவில்லை என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். பத்தியம் இல்லாத மருந்து என்ன மருந்து என்றாள்.

அந்த நாள் வந்தது. அப்பா விட்டார். மாத்திரை மந்திரம் செய்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆசை வரத்தான் செய்தது. முன்பெல்லாம் அது அப்பாவின் கழுத்தைப் பிடித்துக் கடைக்கு இழுத்துக்கொண்டு போகும். இப்போது வாசலில் வந்து நின்று கூப்பிட்டது, அவ்வளவுதான். தூக்கம் வந்தது. சாம்பார் தப்பித்தது. வாய் மட்டும் எப்போதும் வறண்டிருக்கும். பையில் தண்ணீர்ப் பாட்டில் இல்லாமல் எங்கும் போக மாட்டார். ஆசை வாசலில் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தைக் கடத்த அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு, தன் எதிரியின் பெயரைச் சொல்லுவார். “அம்மையப்பா. அம்மையப்பா. ஒன்ன விடமாட்டேன்.” ஆத்திரம் பொங்கி வரும், அதற்கு முன்னால் சிகரெட் ஆசை நிற்காது.

அம்மையப்பன் என்பது மாமாவின் பெயர் மட்டும்தான் என்று எங்கள் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தோம். ஊருக்கு அது சிவபெருமானின் பெயர். அம்மையும் அப்பனுமாக இருக்கிறவன். வள்ளியூர் பஸ்ஸில் நெற்றியில் விபூதியோடு ஒரு நடுவயது ஆள் கண்ணை மூடி, உதடு உலர்ந்து, நெஞ்சு விம்ம ‘அம்மையப்பா, உன்னை விடமாட்டேன்’ என்று உருகினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கண்டக்டர் அவருக்கு ஜன்னல் ஓரம் இடம் பிடித்து வைத்தார். ஒரு அம்மாள் தன் பிள்ளைக்கு நெற்றியில் விபூதி பூசிவிடச் சொன்னாளாம், அப்பாவும் பூசிவிட்டிருக்கிறார். முகம்மது மைதீன் ஒருநாள் வீட்டுக்கு வந்து, “ஆபீஸ்ல எல்லாரும் ஒங்கப்பாவ சாமியார்ங்காங்கம்மா. தாசில்தாரே எந்திரிச்சு நிக்காரு. எனக்கில்லா தெரியும் அது யாரு பேருன்னு,” என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

கார்த்திகையில் மாமா தன் வேலையைக் காட்டினார். அத்தான் ஒரு மாதமாகப் பிடிக்கவில்லை என்று அம்மாதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் தம்பியிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் சேர்த்து. மாமா எங்கள் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு காலி மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய், தெரிந்த மருந்துக்கடையில் காட்டியிருக்கிறார். அங்கே, “இது மூளைக்கோளாறுக்குக் குடுக்கதுல்லா அண்ணாச்சி” என்று சொல்லியிருக்கிறார்கள். அது போதும் மாமாவுக்கு. நேரே முக்கூடல் பஸ் ஏறினார். வேணுவனலிங்கத்திடம் போய், அத்தானுக்கு மனசு சரியில்லை, பாளையங்கோட்டையில் வைத்தியம் நடக்கிறது, பாவம், பெண் நல்ல பெண், மணவறையில் மட்டும் நான் உட்கார்ந்துகொள்கிறேன், சபையில் ஒரு அசம்பாவிதம் வேண்டாம் என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

மாமாவுக்கு வேண்டியது அந்த ஒரு இடம்தான். ஆனால் பைத்தியம் என்ற சொல்லைக் கொண்டுபோய் ஒரு சம்பந்தி வீட்டு நடுக்கூடத்தில் போட்டால் அது அந்த இடத்தோடு நிற்குமா? அப்பனுக்கு இருந்தால் மகளுக்கு இருக்காதா, நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கு வராதா என்று அங்கே பெண்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். கல்யாணத்தையே நிறுத்திவிடலாம் என்று முடிவுக்கு வந்துவிட்டார்களாம். தன் கண்ணால் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர் வேணுவனலிங்கம் ஒருவர்தான். வாத்தியார் அல்லவா. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றார். துணைக்கு மாமா.

வாசலில் நின்றபடியே அவர் கேட்டார்: “கோமதிசங்கருக்கு என்ன வைத்தியம் நடக்குன்னு தெரிஞ்சுக்கிடலாமா?” அம்மா கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி மேலே கூரையைப் பார்த்தார். நடந்தது என்ன என்று எனக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. என் வாழ்க்கை இப்போது பின்கட்டில் உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதரின் கையில் இருக்கிறது என்பதும், அந்த மனிதருக்குக் காலைக் காபிக்கு அப்புறம் சிகரெட் ஆசை வருகிற நேரம்தான் நாளிலேயே மோசமான நேரம் என்பதும் விளங்கியது.

“பின்னால இருக்காரா? கூப்பிட வேண்டாம். இயல்பா எப்படி இருக்காருன்னு பார்க்கணும்,” என்று சொல்லிவிட்டு வேணுவனலிங்கம் உள்ளே நடந்தார். மாமா பின்னாலேயே போனார். நானும் அம்மாவும் போனோம்.

அப்பா கிணற்றடிக் கல்லில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு காலைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். தோள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. உதடு அசைவது பக்கவாட்டில் தெரிந்தது.

மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியளா,” என்று கிசுகிசுத்தார். “தனியாப் பேசிட்டிருக்காக. என்னமோ யாருகிட்டயோ பேசுத மாதிரி. காதக் குடுத்துக் கேளுங்க.”

வேணுவனலிங்கம் காதைக் கொடுத்துக் கேட்டார்.

“அம்மையப்பா,” என்றார் அப்பா. “அம்மையப்பா. ஒன்ன நெனைக்காத நேரம் உண்டா, ஏலே? என்ன சபையில தலகுனிய வச்சுட்டியே. உயிரு போனாலும் ஒன்ன விடமாட்டேன்லே, அம்மையப்பா.”

வேணுவனலிங்கத்தின் கைகள் தாமாகக் குவிந்தன. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சிவனை ஏலேன்னு கூப்பிடுதாரு,” என்று மாமாவிடம் தழுதழுத்தார். “எவ்வளவு நெருக்கம் இருந்தா அந்தச் சொல்லு வரும். இவரையா சித்தம் கலங்கினவர்னு சொன்னிய?”

மாமாவின் முகத்தை அந்த நேரத்தில் நான் பார்த்தேன். அந்தச் சிவன் யார் என்று அவருக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் இல்லை. ‘அது சாமி இல்லை, நான்தான்’ என்று சொன்னால், ஏன் உன் பெயரைச் சொல்லி இப்படிக் கருவுகிறார், நீ என்ன செய்தாய் என்ற கேள்வி வரும். அன்றுவரை நான் கும்பிட்ட எந்தச் சாமியும் எனக்கு அவ்வளவு பெரிய வரம் கொடுத்ததில்லை.

பேச்சுக் குரல் கேட்டு அப்பா திரும்பினார். சம்பந்தியைப் பார்த்துப் பதறி எழுந்தார். எல்லாரும் கூடத்துக்கு வந்து உட்கார்ந்ததும் வேணுவனலிங்கம் மாத்திரையைப் பற்றி நேராகவே கேட்டார். அம்மா அப்பாவைப் பார்த்துத் தலையை அசைத்தாள். இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று அர்த்தம். அப்பா கேட்கவில்லை.

“சாப்பிடுதேன். மனநல டாக்டருதான் எழுதிக் குடுத்தாரு. மனச்சோர்வுக்குக் குடுக்கிற மாத்திரைதான். எனக்கு சிகரெட்ட விடுததுக்காகக் குடுத்திருக்காரு. தாரை வார்க்கிற கையில புகையிலை நாத்தம் இருக்கக் கூடாதுன்னு விட்டேன். சந்தேகம் இருந்தா வாங்க, டாக்டருகிட்டயே போவோம். நீங்களே கேளுங்க.”

வேணுவனலிங்கம் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். “பீடி குடிக்கிற பயலுகள முட்டி வீங்க அடிச்சிருக்கேன். இதுக்கு மாத்திரை இருக்குன்னு யாரும் எனக்குச் சொல்லல,” என்றார். பிறகு, கல்யாணத்தை நிறுத்திவிட வீட்டில் பேசியதையும், அதற்கு என்ன காரணம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். மாமா திடுக்கிட்டது நிஜம். கல்யாணம் நின்றுபோகும் என்று அவர் நினைத்தே பார்த்திருக்கவில்லை. நினைக்காதது ஒரு குற்றமில்லையா? காபி கொடுக்கும்போது மாமாவின் டம்ளரில் மட்டும் சர்க்கரை போடவில்லை. அவர் அதை அப்படியே குடித்து முடித்தார்.

“யாரு ஒங்ககிட்ட சொன்னா?” என்று அப்பா கேட்டார். வேணுவனலிங்கம் பதில் சொல்லச் சங்கடப்பட்டு மாமாவைப் பார்த்தார். அப்பா தலையை ஆட்டினார். “நம்ம அம்மையப்பனா? சொல்லட்டும். அவன் பேரச் சொல்லாம எனக்குப் பொழுது விடியாது, பொழுது அடையாது.”

சம்பந்தி அதையும் பக்தியில் சேர்த்துக்கொண்டார். போகும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “தாரை வார்க்க உங்கள விடத் தகுதியானவரு யாரு இருக்கா?” என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் காலடியிலேயே கிடந்தது.

தையில் கல்யாணம். அதற்கு முந்தின வாரம்தான் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மாத்திரையை நிறுத்தியிருந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் மாலையில் அப்பா மாமாவைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, நயமாகவே சொன்னார்: “ஏலே அம்மையப்பா, நாளைக்கு வாசல்ல சந்தனமும் பன்னீரும் வச்சிக்கிட்டு வாறவங்கள வாங்கன்னு கேக்க ஒரு பெரிய மனுஷன் வேணும். ஊருக்கே அண்ணாச்சி நீதான். முகூர்த்தம் முடியுத வரைக்கும் வாசல விட்டு அசையப்பிடாது. ஒன்ன நம்பித்தான் விடுதேன்.” அண்ணாச்சியால் அதை எப்படி மறுக்க முடியும்?

மறுநாள் அப்பா மணவறையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். ஓமப்புகை நேரே அவர் முகத்தில்தான் அடித்தது. பட்டினியும் வறண்ட வாயுமாக அசையாமல் இருந்தார். என் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தபோது அப்பாவின் விரல்களை நான் பக்கத்தில் பார்த்தேன். பழைய மஞ்சள் கறை பாதிக்கு மேல் போயிருந்தது. அம்மா செம்பிலிருந்து தண்ணீரைச் சாய்த்தாள். மண்டபத்தின் அந்தக் கோடியில், வாசலில், பன்னீர்ச் செம்போடு மாமா எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது, அவ்வளவு கூட்டம். எனக்கு அவர் நன்றாகத் தெரிந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. வெட்கத்தில் சிரிக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள்.

முதல் பந்தி உட்கார்ந்த நேரத்தில், மாலையைக் கழற்றி வைக்க நான் மணமகள் அறைக்குப் போனேன். அப்பா அங்கே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மாமா உள்ளே வந்தார். சந்தனம் காய்ந்த கையோடு அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“அத்தான், ஒங்களுக்கு நான் செஞ்சது பெரிய பாவம். பிள்ள கல்யாணமே நின்னுருக்கும். வாசல்ல நிக்கும்போது எனக்கு நெஞ்சு ஆறல. என்ன நீங்க...”

அப்பா அவசரமாகக் கைகளை உருவிக்கொண்டார். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, பயம்.

“வேண்டாம்லே. மன்னிப்பு மட்டும் கேட்டுராத.”

“அத்தான்...”

“சொல்லுதேன் கேளு. மாத்திரை போன வாரத்தோட முடிஞ்சு போச்சு. இப்பக்கூட நாக்கு கடையத் தேடுது. எந்தக் கடைக்குப் போனாலும் ஒம்மூஞ்சி நெனப்புக்கு வருது, திரும்பிருதேன். நீ மன்னிப்புக் கேட்டு, நான் சரின்னு சொல்லிட்டா, அப்புறம் எத வச்சு நான் திரும்புவேன்? ஒம்மேல இருக்கிற கோவம் ஒண்ணுதான் எனக்கு மிச்சம் இருக்கிற மருந்து. அதப் பிடுங்கிராதலே.”

நான் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மாமா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். மடியிலிருந்து பொடி டப்பாவை எடுத்து, மூடியைத் தட்டி, ஒரு சிட்டிகை எடுத்தார்.

“பெருசா விட்டுக் கிழிச்சீராக்கும்,” என்றார். “பங்குனி உத்திரத்துக்குள்ள வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுல நீரு இழுத்துட்டு நிக்கத ஊரே பார்க்கும். நீராவது, சிகரெட்ட விடுததாவது.”

‘நீரு’ என்றார், பழையபடி. இரங்கிச் சொன்னாரா, பிறவிக் குணத்தில் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இரங்கிச் சொல்லியிருந்தாலும் அதற்காக அவரை நான் மன்னிப்பதாக இல்லை. அப்பாவுக்கு அவர் தேவை, எனக்கு அந்தத் தேவை இல்லை. ஆனால் அப்பாவின் காதுமடல் சிவந்து ஏறியதை நான் பார்த்தேன். தாடை இறுகியது. முகத்தில் இருந்த பயம் போயே போய்விட்டது.

“பார்ப்போம்லே,” என்றார் அப்பா. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டாவது பந்திக்கு இலை போடப் போனார்.